தோட்டா உறைக்கு ஏன் பித்தளை?

“அமெரிக்காவில் துப்பாக்கி சுடும் மைதானங்களில், சுட்டு முடித்ததும் குனிந்து குனிந்து காலித் தோட்டாவைப் பொறுக்குகிறார்களே, எடைக்குப் போடவா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். எடைக்கு இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் மறுபடி நிரப்பத்தான். ரீலோடிங் என்பார்கள். கார் ஷெட்டின் மூலையில் ஒரு கனமான மேஜை, அதில் முடுக்கிய கைப்பிடி பிரஸ், ஒரு தராசு இருந்தால் போதும். சொந்த உபயோகத்துக்கு நிரப்ப அந்நாட்டு மத்தியச் சட்டம் உரிமம் கேட்பதில்லை; விற்கப் போனால்தான் கேட்கும். இந்தியாவில் கதை வேறு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். எனவே இங்கே படித்துத் தெரிந்துகொள்வதோடு சரி.

ஒரு தோட்டாவில் நான்கே சாமான்கள்: முன்னால் குண்டு, உள்ளே வெடிமருந்து, பின்பக்கக் குழியில், அடிபட்டதும் பொறி கிளப்பி மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் என்ற சின்னக் கிண்ணம், எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கும் பித்தளை உறை. சுடும்போது முதல் மூன்றும் செலவாகிவிடும். உறை மட்டும் மிஞ்சும். நான்கில் விலை அதிகமானதும் பெரும்பாலும் அதுதான்.

மேஜையில் நடப்பதை வேகமாகச் சொல்லிவிடலாம். உறையைக் கழுவி, பிரஸ்ஸில் மாட்டிய எஃகு அச்சுக்குள் அழுத்த வேண்டும். சுட்டபோது உப்பிய உடம்பு பழைய அளவுக்கு வரும். அதே அழுத்தில் அச்சின் நடுவிலுள்ள ஊசி செத்த பிரைமரைத் தள்ளிவிடும். ஊசி நுழைய உறையின் அடியில் நட்டநடுவே ஒரு துளை இருக்க வேண்டும். அது ஆங்கிலேயர் எட்வர்ட் பாக்ஸரின் அமைப்பு. அமெரிக்கர் ஹைரம் பெர்டனின் அமைப்பில் பக்கவாட்டில் இரண்டு சின்னத் துளைகள் இருக்கும், ஊசிக்கு வழியில்லை. இரண்டும் 1860-களில் வந்தவை. வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலேயருடையது அமெரிக்காவிலும் அமெரிக்கருடையது ஐரோப்பாவிலும் வேரூன்றிவிட்டது.

பிறகு உறையின் நீளத்தை அளந்து வெட்டுவது. .308 வின்செஸ்டர் என்ற பிரபலமான ரைஃபிள் தோட்டாவுக்கு உச்ச நீளம் 2.015 அங்குலம், 2.005-க்கு வெட்டிவிடுவார்கள். நீளம் மிஞ்சினால் உறையின் வாய், துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறையின் முனையில் நெரிபட்டு, குண்டை விடாமல் பிடித்துக்கொள்ளும், அழுத்தம் எகிறும். அடுத்து புதுப் பிரைமர், அளந்த மருந்து, கடைசியாகக் குண்டு.

மருந்தின் அளவு கிரெயினில். ஒரு கிரெயின் 64.8 மில்லிகிராம், ஏறத்தாழ அரைக் குன்றிமணி. எந்தக் குண்டுக்கு எந்த மருந்து எத்தனை கிரெயின் என்பதைத் தயாரிப்பாளர் வெளியிடும் அட்டவணையில்தான் பார்க்க வேண்டும். உச்ச அளவிலிருந்து பத்து சதவீதம் குறைத்துத் தொடங்கிப் படிப்படியாக ஏறுவது வழக்கம். இன்றைய தோட்டாக்களில் போடும் புகையில்லா மருந்தின் குணம் அப்படி: அழுத்தம் கூடக் கூட அது இன்னும் வேகமாக எரியும், வேகமாக எரிய எரிய அழுத்தம் இன்னும் கூடும். கைத்துப்பாக்கி உறையில் மருந்து பல சமயம் பாதிக்கும் கீழேதான் நிற்கும் என்பதால் கவனம் பிசகி இரண்டு முறை கொட்டினாலும் வழியாது. மருந்தே போடாமல் விட்டால் அதுவும் ஆபத்து. பிரைமரின் உந்துதலில் மட்டும் குண்டு குழலுக்குள் போய்ச் சிக்கி நின்றுவிடலாம். அடுத்த குண்டு அதன் முதுகில் மோத, குழல் வெடிக்கலாம். இதற்காகத்தான் ஐம்பது உறைகளைப் பலகையில் நிறுத்தி, குண்டு வைக்கும் முன் டார்ச் அடித்து ஒவ்வொன்றிலும் மருந்து மட்டத்தைப் பார்க்கிறார்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் கட்டாயம். பிரைமரில் ஈயச் சேர்மம் உண்டு, உறையைச் சுத்தம் செய்யும்போது பறக்கும் தூசியிலும் அது இருக்கும்.

இனி பித்தளைக்கு வருவோம். தோட்டா உறைப் பித்தளையில் செம்பு 70 சதவீதம், துத்தநாகம் 30. .308 தோட்டா வெடிக்கும்போது உள்ளே அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு வரை போகலாம். கார் டயரில் இருப்பதைப் போல ஏறத்தாழ இரண்டாயிரம் மடங்கு. மெல்லிய பித்தளைச் சுவரால் அதைத் தாங்கவே முடியாது. தாங்குவது சுற்றியுள்ள எஃகு அறை. பித்தளையின் வேலை அடைப்பான் வேலை: பலூன்போல உப்பி அறைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, வாயு பின்பக்கம் கசியாமல் நிறுத்துவது.

உப்பச் சொன்னால் எந்த மென்மையான உலோகமும் உப்பும். உப்பிய பிறகு சுவரை விட்டுவிட வேண்டுமே! மில்லி விநாடிக் கணக்கில் அழுத்தம் வடிந்ததும் உறை கொஞ்சம் சுருங்கி, அறைக்கும் தனக்கும் இடையில் ஒரு மயிரிழை விட்டால்தான் வெளியே இழுக்க முடியும்.

எவ்வளவு சுருங்கும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. ஓர் உலோகம் நிரந்தரமாக வளையத் தொடங்கும் தகைவை (ஒரு பரப்பளவில் விழும் விசையை) அதன் யங் குணகத்தால், அதாவது விறைப்பின் அளவால், வகுத்தால், அது எத்தனை பங்கு திரும்பிச் சுருங்கும் என்று வரும். பித்தளையின் யங் குணகம் சுமார் 110 கிகாபாஸ்கல். அடித்து இறுக்கிய பித்தளை 400 மெகாபாஸ்கல் வாக்கில் வளையத் தொடங்கும். 400-ஐ 1,10,000-ஆல் வகுத்தால் 0.36 சதவீதம். 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள .308 உறையின் அடிப்பாகத்தில் இது 0.04 மில்லிமீட்டர். சூடாக்கி இளக்கிய மென்பித்தளையோ 100 மெகாபாஸ்கலிலேயே வளைந்துவிடும், திரும்புவது 0.01 மில்லிமீட்டர்தான். அது அறையிலேயே ஒட்டிக்கொள்ளும். எஃகின் யங் குணகம் பித்தளையைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு, ஆகவே அதே உறுதியில் பாதிதான் சுருங்கும். மலிவான எஃகு உறையோடு வரும் ஏகே-47 தோட்டா கூம்பலாக இருப்பது இங்கே கைகொடுக்கிறது. கூம்பு ஒரு நூல் பின்னால் நகர்ந்தாலே சுவரை விட்டுவிடும்.

இந்தக் கணக்கில் எனக்கு மிகப் பிடித்த இடம் ஒன்று உண்டு. எஃகு அறையும் சும்மா இருப்பதில்லை. அழுத்தத்தில் அதுவும் சில நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் விரிந்து, உடனே பழைய அளவுக்கு முழுசாகத் திரும்புகிறது. மருந்து அளவு மீறினால் அறை வழக்கத்தைவிட அதிகம் விரியும். பித்தளையும் கூடவே உப்பும், ஆனால் அது திரும்பும் தூரம் அதே 0.04-தான். அறையோ விரிந்ததெல்லாம் திரும்பும். விளைவு, அறை உறையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. அறையின் பின்வாசலை மூடும் எஃகுத் தண்டான போல்ட்டின் கைப்பிடியைத் தூக்கக் கஷ்டப்பட்டால் மருந்தைக் குறை என்று ரீலோடிங் தெரிந்தவர்கள் சொல்வது அனுபவ வாக்கு மட்டுமில்லை, இரண்டு உலோகங்கள் திரும்பும் தூரத்தின் வித்தியாசம்.

உறை நீளவாக்கிலும் இழுபடுகிறது. முன்பகுதிச் சுவர் அறையோடு ஒட்டிக்கொண்டு நிற்க, தடித்த அடிப்பாகம் மட்டும் பின்னால் போய் போல்ட்டில் முட்டும். நடுவில் மாட்டிக்கொண்ட சுவர் நீண்டு மெலியும். ஒவ்வொரு முறையும் உறையின் தோளை, அதாவது உடம்பு கழுத்தாகக் குறுகும் சரிவை, அச்சில் அதிகமாகப் பின்தள்ளினால் ஒவ்வொரு முறையும் அதே இடம் இழுபடும். கடைசியில் அடியும் உடம்பும் இரண்டாகப் பிரிந்து, முன்பாதி துப்பாக்கிக்குள்ளேயே தங்கிவிடும். போல்ட் ரைஃபிளுக்குத் தோளை 0.002 அங்குலத்துக்கு மேல் தள்ள வேண்டாம் என்பது இதனால்தான். மெலிவு வெளியே தெரியாது, அல்லது அடிக்குச் சற்று மேலே ஒரு பளபளப்பான வளையமாகத் தெரியும். ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைக் கொக்கியாக வளைத்து, உறைக்குள் விட்டுச் சுவரோடு மேலே இழுக்க வேண்டும். பள்ளம் இருந்தால் நுனி தடுக்கும். தடுக்கியதா, அந்த உறை அவ்வளவுதான்.

கழுத்துப் பகுதிக்கு வேறு நோய். உப்பி, அச்சில் சுருங்கி, குண்டுக்காக மறுபடி விரிந்து என்று வளைந்து வளைந்து அது இறுகிப்போகிறது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்போமே, அதேதான். விட்டுவைத்தால் நீளவாக்கில் விரிசல் விழும். இதற்குச் சிகிச்சை, சூடு. கழுத்தை கேஸ் சுடரில் சுழற்றிச் சில விநாடி 400 டிகிரி செல்சியஸ் வாக்கில் காய்ச்சினால், சிக்குப்பிடித்த படிகங்கள் கலைந்து புதிதாக உருவாகும், உலோகம் இளகும். அடிப்பாகத்துக்கு மட்டும் இந்தச் சூடு போகவே கூடாது. அது இளகினால் பிரைமர் குழி விரிந்து, வாயு சுடுபவர் முகத்துக்கே திரும்பும். எனவே கழுத்தின் உள்ளே 400 டிகிரியில் உருகும் அடையாளப் பூச்சு, தோளுக்குக் கீழே 230 டிகிரியில் உருகும் பூச்சு என இரண்டு தடவுகிறார்கள். மேலே உருக வேண்டும், கீழே உருகக் கூடாது. காய்ச்சியதும் தண்ணீரில் போட்டால் உறுதி கூடும் என்று நம்புகிறவர்கள் அங்கேயும் உண்டு. அது அரிவாளுக்குச் செய்வது. பித்தளையைத் தண்ணீரில் போட்டாலும் காற்றில் ஆறவிட்டாலும் கழுத்துக்கு ஒன்றுதான். தண்ணீர் சூடு கீழே இறங்காமல் தடுக்கும், அவ்வளவே. மூன்றே குண்டு சுட்டுப் பார்த்துவிட்டு “இதுதான் இந்தத் துப்பாக்கிக்கு ராசியான அளவு” என்று முடிவுகட்டும் பழக்கத்தையும் இந்த வரிசையில்தான் வைக்க வேண்டும். மூன்று புள்ளிகளை வைத்து எந்த ஜோசியமும் சொல்லலாம்.

பித்தளையின் இன்னொரு எதிரி நம் நாட்டில் அகப்பட்டது. பிரிட்டிஷ் இந்தியப் படையில் குதிரை லாயங்களில் அடுக்கிவைத்த தோட்டாக்கள், மழைக்காலம் வந்தால் யாரும் தொடாமலே கழுத்தில் விரிசல் விட்டுக் கிடந்தன. ‘பருவ வெடிப்பு’ என்று பெயர் வைத்தார்களே தவிர காரணம் புரியவில்லை. 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் மூவரும் விளக்கினார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா, ஈரக்காற்றில், ஏற்கெனவே உள்தகைவோடு இறுகியிருந்த கழுத்தை அரித்துப் பிளந்திருக்கிறது. அம்மோனியா மட்டும் போதாது, தகைவு மட்டும் போதாது, இரண்டும் சேர வேண்டும். காய்ச்சித் தகைவைப் போக்கினால் வெடிப்பு நிற்கும். அமெரிக்க ராணுவத் தோட்டாக்களின் கழுத்தில் தெரியும் நீலம் பாய்ந்த கறை அப்படிக் காய்ச்சியதற்கான அடையாளம். இதே அம்மோனியா வெடிப்புதான் ஆலைகளில் நீராவியைக் குளிர்விக்கும் பித்தளைக் குழாய்களையும் பதம்பார்க்கிறது. லாயத்து நாற்றத்தை ஆராயப் பணம் ஒதுக்கச் சொன்னால் இன்று எந்தக் குழுவாவது கையெழுத்துப் போடுமா என்பது சந்தேகம்தான்.

ஆகவே அம்மோனியா கலந்த பித்தளை பாலிஷ் தோட்டா உறைக்கு ஆகாது. நம் வீடுகளில் குத்துவிளக்குக்குப் போடும் புளியின் வேலையை அங்கே எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், செய்கிறது. அதிலும் நேரம் கணக்கு. ஊறவைத்து மறந்துவிட்டால் துத்தநாகம் கரைந்து வெளியேறி, உறை மேல் இளஞ்சிவப்பாகச் செம்பு தெரியத் தொடங்கும். பேப்பர் கிளிப் தடுக்கிய உறை, வாய் கீறிய உறை, செம்பு பூத்த உறை எல்லாவற்றையும் குறடால் நசுக்கித்தான் பழைய பித்தளை டப்பாவில் போடுகிறார்கள். நசுக்காமல் போட்டால், நன்றாகத்தானே இருக்கிறது என்று யாராவது எடுத்து மறுபடி நிரப்பிவிடுவார்கள்.