முகம் உரிந்தால்தான் மருந்து வேலை செய்கிறதாம்!

"எரியுது டாக்டர், அப்ப மருந்து வேலை செய்யுதுதானே?"

முகப்பருவுக்கு மருந்து பூசி, மூக்கோரம் செதில் செதிலாக உரிந்து, உதட்டோரம் வெடித்து, வெறும் தண்ணீர் பட்டாலே முகம் சுளிக்கும் நிலையில் வருபவர்கள் கேட்கும் கேள்வி இது. கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. இல்லை. எரிச்சல் என்பது தோலின் மேலடுக்கு பழுதாகிவிட்டது என்பதற்கான அடையாளம். பரு குறைகிறது என்பதற்கு அது சாட்சியே கிடையாது.

இதை எப்போதோ சோதித்துப் பார்த்தாகிவிட்டது. பருக்கிருமியைக் கொல்லும் பூச்சு மருந்தான பென்சாயில் பெராக்சைடின் 2.5, 5, 10 சதவீதங்களை ஒப்பிட்ட ஆய்வு 1986-லேயே வெளியானது. சீழ்ப்பருக்களையும் சிவந்த பருக்களையும் 2.5 சதவீதம் குறைத்த அளவுக்குத்தான் 10 சதவீதமும் குறைத்தது. சிவப்பு, உரிதல், எரிச்சல் மட்டும் 10 சதவீதத்தில் கூடுதல். நான்கு மடங்கு மருந்தைப் பூசி வாங்கிக்கொண்டது நான்கு மடங்கு குணம் அல்ல, வெறும் புண். ஆனாலும் கடையில் "இருக்கிறதிலேயே ஸ்ட்ராங்கானது எது?" என்றுதான் கேட்கிறார்கள்.

ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ சார்ந்த பரு மருந்துகள்) வகையிலும் இதே கதைதான். அடாபலீன் 0.1 சதவீத ஜெல்லையும் டிரெட்டினாயின் 0.025 சதவீத ஜெல்லையும் ஒப்பிட்ட ஐந்து ஆய்வுகளை, மொத்தம் 900 பேர், 1998-ல் தொகுத்துப் பார்த்தார்கள். பலன் இரண்டிலும் சமம். தோல் நன்றாகத் தாங்கியது அடாபலீனைத்தான். முதன்முறை ரெட்டினாய்டு தொடங்குபவருக்குப் பெரும்பாலும் அடாபலீன் எழுதுவதன் காரணம் இதுதான். அது "லேசான மருந்து" என்பதால் அல்ல.

தோல் தாங்குவதை நாங்கள் அளப்பது நான்கு விஷயங்களை வைத்து: சிவப்பு, வறட்சி, உரிதல், எரிச்சல். ஒவ்வொன்றுக்கும் 0 (இல்லை) முதல் 3 (கடுமை) வரை மதிப்பெண். ரெட்டினாய்டு போட்டால் முதல் இரண்டு வாரம் இந்த மதிப்பெண் ஏறும், நான்காவது வாரத்துக்குள் பெரும்பாலும் இறங்கிவிடும். 1 என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். 3 என்றால் நிறுத்திவிட்டு வாருங்கள்.

எரிச்சலை வைத்துத் தோராயமாக வரிசைப்படுத்தினால், கிளின்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் 1 சதவீதம் அதிகம் தொல்லை தராதது (ஆனால் அதைத் தனியாக மாதக்கணக்கில் போடாதீர்கள், கிருமிகள் பழகிக்கொள்ளும்). அசெலாயிக் அமிலம் தொடக்கத்தில் குறுகுறுக்கும், உரிப்பது குறைவு. பிறகு குறைந்த சதவீத பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன், டிரெட்டினாயின், உச்சியில் டசரோட்டீன் என்ற இன்னொரு ரெட்டினாய்டு. இந்த வரிசையும் மாறும். ஆல்கஹால் கலந்த ஜெல்லில் எரியும் மருந்தே கிரீமாக வந்தால் பலருக்கு எரிவதில்லை. சதவீதத்தைப் பார்க்கிற அளவுக்கு அது ஜெல்லா, கிரீமா, லோஷனா என்பதையும் பாருங்கள்.

இனி பூசும் முறை. பாதிப் பிரச்சினை இங்கேதான்.

மென்மையான ஃபேஸ்வாஷால் கழுவுங்கள், தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். 20 நிமிடம் காயட்டும். ஈரத்தோலில் ரெட்டினாய்டு அதிகம் இறங்கி எரியும். மூக்கு மடிப்பிலும் உதட்டோரங்களிலும் முதலில் கொஞ்சம் வாசலின். முகம் முழுவதற்கும் சேர்த்து ஒரு பட்டாணி அளவு மருந்து போதும். நெற்றி, இரு கன்னம், தாடை எனப் புள்ளி வைத்துப் பரப்புங்கள். பருவின் மேல் மட்டும் குவித்து வைப்பதால் அந்த இடம் வெந்துபோவதுதான் மிச்சம். அடுத்த பரு பக்கத்தில் கிளம்பும். மேலே மாய்ஸ்சரைசர். வறண்ட தோல் என்றால் மருந்துக்கு முன்னும் ஒரு முறை. முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் இரவு மட்டும், தாங்கினால் தினமும். காலையில் சன்ஸ்கிரீன்.

இந்த நாட்களில் ஸ்க்ரப், ஆல்கஹால் டோனர், சாலிசிலிக் அமிலம், எலுமிச்சைச் சாறு எதுவும் வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். "மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்று வருபவர்களிடம் துருவிக் கேட்டால், அந்த ஒரு மருந்தோடு இன்னும் மூன்று பொருட்கள் முகத்தில் இருக்கும்.

பென்சாயில் பெராக்சைடையும் சாதாரண டிரெட்டினாயினையும் ஒரே நேரத்தில் பூசினால் முதலாவது இரண்டாவதைச் சிதைத்துவிடும். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. அடாபலீனுக்கு இந்தச் சிக்கல் இல்லை. பென்சாயில் பெராக்சைடு துண்டையும் தலையணை உறையையும் வெளுக்கும், வெள்ளையாகப் பார்த்து வாங்குங்கள்.

எரிச்சல் வேறு, ஒவ்வாமை வேறு. பூசிய இடத்தில் காந்துவது எரிச்சல். இடைவெளி விட்டால் அடங்கும். அரிப்பு, கண்ணிமை வீக்கம், நீர்க்கொப்புளம் என்றால் ஒவ்வாமை. அந்த மருந்து உங்களுக்கு இனி ஆகாது. உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள். பென்சாயில் பெராக்சைடு, சாலிசிலிக் அமிலம் உள்ள பொருட்களால் அரிதாக இப்படி நேர்வதாக அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2014-ல் எச்சரித்தது. புதிதாகத் தொடங்குபவர்கள் சிறிய ஓரிடத்தில் மூன்று நாள் பூசிப் பார்த்துவிட்டு முகம் முழுக்கப் போடுவது நல்லது.

எரிகிறதே என்று வீட்டில் கிடக்கும் ஸ்டீராய்டு கிரீமை எடுத்துப் பூசுவதைப் போன்ற கொடுமை வேறில்லை. இரண்டு நாளில் சிவப்பு அடங்கும், பிறகு அதுவே புதிய பருக்களைக் கிளப்பும், தோலை மெலியவைக்கும். கர்ப்பமாக இருப்பவர்களும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் எந்த ரெட்டினாய்டையும் தொடாதீர்கள்; அசெலாயிக் அமிலம் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

மாநிறமோ கருமையோ உள்ள தோலில் எரிச்சல் அப்படியே கருந்திட்டாகத் தங்கிவிடும். பரு போன பிறகும் அது மாதக்கணக்கில் இருக்கும். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும் மருந்து இது. பத்தாம் நாள் முகம் வெந்து தூக்கிப்போடும் 10 சதவீதத்தை விட, மூன்று மாதம் விடாமல் பூச முடிகிற 2.5 சதவீதத்தைக் கேட்டு வாங்குங்கள்.