பழைய டிக் மெஷினுக்குள் கஞ்சி

சேலத்தில் வெல்டிங் மெஷின் ரிப்பேர் பார்க்கிறேன். போன மாதம் ஒருவர் பழையதாக வாங்கிய ஏசி-டிசி டிக் மெஷினை (டங்ஸ்டன் முனையில் ஆர்கான் கேஸோடு வெல்டு போடுவது) தூக்கி வந்தார். வீட்டுக்குப் பின்னால் சின்னதாகப் பட்டறை போடுகிறாராம். ஆத்தூர்ப் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் ஓடிய மெஷின். வெளியே ஒரு கீறல் கிடையாது. மூடியைக் கழற்றினால், சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் இடுக்கெல்லாம் மாவு. ஈரம் பட்டு, ஆறிப்போன கஞ்சி மாதிரி இறுகிக் கிடந்தது. ஃபேன் சுற்றுகிறது, காற்றுக்குத்தான் வழியில்லை. சூட்டில் ஏசி பக்கம் செத்துவிட்டது. அவர் வாங்கியதோ அலுமினியம் ஒட்ட!

"வெல்டு போட்டுக் காட்டினாங்களே அண்ணா" என்றார். காட்டியிருப்பார்கள், எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகட்டில், டிசியில். அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். அதன் மேல் படிந்திருக்கும் ஆக்சைடு உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும். அந்தப் படலத்தை உரித்துப் போடத்தான் ஏசி. அதனால் பழைய மெஷின் வாங்கப் போகும்போது, எதை ஒட்டப் போகிறீர்களோ அந்தத் துண்டைக் கையோடு எடுத்துப் போங்கள். கேட், ஸ்டாண்டு, எஸ்எஸ் வேலை மட்டும் என்றால் வெறும் டிசி மெஷினே போதும். உருக்காலை இருக்கும் ஊரில் நம்மில் பாதிப் பேருக்கு எஸ்எஸ் வேலைதானே.

வெல்டிங் டார்ச் பட்டனை அழுத்தினால், அதன் நுனியில் உள்ள டங்ஸ்டன் கம்பி தகட்டைத் தொடாமலே பொறி தாவ வேண்டும். விட்டபின் சில நொடி ஆர்கான் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். டங்ஸ்டன் முனை வெள்ளியாக இருந்தால் சரி. கறுத்தோ நீலமாகவோ இருந்தால் கேஸ் சீக்கிரம் நிற்கிறது, இல்லை எங்கோ லீக். அப்புறம் உங்களுக்கு வேண்டிய ஆம்ப்ஸில் பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். மெஷின் மேல் 200 ஆம்ப்ஸுக்கு 60 சதவீதம் என்று போட்டிருந்தால், அந்த ஆம்ப்ஸில் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் எரிய வேண்டும், மீதி நேரம் ஆறலாம். அரை நிமிடம் எரித்துக் காட்டுவது கணக்கில் சேராது.

மூடியை நீங்களே கழற்றாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் 300 வோல்ட் நின்றிருக்கும். பக்கவாட்டு ஓட்டை வழியாக மொபைல் லைட் அடித்தாலே பாதி தெரிந்துவிடும். அம்மாபேட்டையில் தறி ஓடும் இடத்து மெஷின் என்றால் பஞ்சு. ஏற்காடு எஸ்டேட் ஷெட்டில் மழையும் பனியும் பார்த்துக் கிடந்தது என்றால் செம்பில் பச்சை. பச்சை தெரிந்தால் நான் தொடவே மாட்டேன்.

ஆர்கான் சிலிண்டரும் சேர்த்துத் தருகிறேன் என்பார்கள். அது பெரும்பாலும் கேஸ் கம்பெனி வாடகைக்குக் கொடுத்தது. பில் இல்லாமல் வாங்கினால் வம்பு. கழுத்தில் குத்திய டெஸ்ட் தேதியையும் பாருங்கள், காலாவதியானால் நிரப்பித் தர மாட்டார்கள். ஆர்கான் காற்றைவிடக் கனம், வாசனை கிடையாது. கதவடைத்த அறையில் லீக்கானால் மூச்சு முட்டும்போதுகூடத் தெரியாது. கூடவே சிவப்பு முனை டங்ஸ்டன் தந்தால் வேண்டாம். அதில் தோரியம், கதிரியக்கம் உள்ளது. தீட்டும்போது தூசி நுரையீரலுக்குப் போகும். லாந்தனம் கலந்தது வாங்கிக்கொள்ளுங்கள்.

முழு லோடில் 200 ஆம்ப்ஸ் மெஷின் 25, 30 ஆம்ப்ஸ் இழுக்கும். வீட்டு 16 ஆம்ப்ஸ் பிளக்கில் சொருகினால் பிளக்தான் உருகும். தனி லைன் இழுங்கள்.

ஜவ்வரிசி மெஷின்காரரிடம் ஏசி பக்கத்துப் போர்டு செலவைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மாவை மட்டும் சுரண்டிக் கொடுங்க அண்ணா, டிசியில ஓட்டிக்கிறேன்" என்றார்.