கொட்டகையின் ஓட்டைகளை அடைக்காதீர்கள்

இங்கிலாந்துக் கிராமங்களில் பழைய பண்ணைக் கட்டடங்களைப் பழுதுபார்ப்பது என் வேலை. அதில் பாதி நாள், யாரோ பூசிவிட்டுப் போன சிமெண்டைக் கொத்தி எடுப்பதிலேயே போய்விடுகிறது.

போன குளிர்காலத்தில் ஒரு கதிரடிக்கும் கொட்டகைக்குப் போயிருந்தேன். நீளச் சுவர்கள் இரண்டிலும் எதிரெதிராகப் பெரிய கதவுகள், நடுவில் களம். இரண்டையும் திறந்துவிட்டால் காற்று நேராகப் புகுந்து பதரை அடித்துக்கொண்டு போகும். 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்பதை இவர்கள் கட்டடமாகவே எழுப்பிவிட்டார்கள்! சுவரில் ஒல்லியான பிளவுகள், அடுக்கிய கதிர்க்கட்டு புழுங்காமலிருக்க. கூரை முகட்டுக்குக் கீழே ஓர் ஓட்டை, கூகை ஆந்தை வந்துபோக. எலிகளை அது பார்த்துக்கொள்ளும்.

உரிமையாளர் குளிருக்குப் பயந்து பிளவுகளை அடைத்து, செங்கல் இடுக்குகளிலும் சிமெண்டை அப்பியிருந்தார். விரலை வைத்தேன், செங்கல் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. சிமெண்ட் மட்டும் கட்டம் கட்டமாகத் துருத்திக்கொண்டு நின்றது. சுவர் குடித்த மழை ஈரம் பழைய சுண்ணாம்புச் சாந்து வழியாக ஆவியாகிப் போய்க்கொண்டிருந்தது. அந்த வழியை மூடியதும் ஈரம் செங்கல்லுக்குள்ளேயே தங்கிவிட்டது. பனிக்காலத்தில் அது உறைந்து விரியும்போது செங்கல்லின் முகம் பெயர்கிறது. அடியிலிருந்த ஓக் மர உத்தரத்தில் ஸ்க்ரூடிரைவர் பிடிவரை இறங்கியது. எஸ்ஸெக்ஸில் கிரெஸ்ஸிங் டெம்பிள் என்ற இடத்தில் 13ஆம் நூற்றாண்டு மரக் கொட்டகைகள் இரண்டு இன்னும் நிற்கின்றன. ஓக் அவ்வளவு தாங்கும், ஈரத்தில் ஊறவிடாமல் இருந்தால்.

சட்டமும் இருக்கிறது. பாதுகாக்க வேண்டியவை என்று அரசு பட்டியலிட்ட கட்டடத்தின் தன்மையைப் பாதிக்கும் வேலையை அனுமதியின்றிச் செய்வது குற்றம். கூடு கட்டியிருக்கும் கூகையைத் தொந்தரவு செய்வதும் 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். ஆகவே கொத்தனாரைக் கூப்பிடுமுன் உள்ளூர்க் கவுன்சிலின் பாதுகாப்பு அதிகாரியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அதே பண்ணையில் ஒரு தானியக் களஞ்சியமும் இருந்தது. காளான் வடிவக் கற்கள்மேல் நிறுத்திய சின்ன மர அறை. கல்லின் தண்டில் ஏறும் எலி கல் குடையின் அடிப்பக்கத்தைத் தாண்ட முடியாது. கல் படிகளும் வாசலைத் தொடாமல், ஓர் எட்டு தள்ளியே முடிந்திருக்கின்றன. 'முன்பு கட்டியவர்கள் அளவு தப்பிவிட்டார்கள்' என்று நினைத்த உரிமையாளர் அந்த இடைவெளியைக் கான்கிரீட் போட்டு இணைத்துவிட்டார். அவருக்கு வசதி, எலிகளுக்கும் வசதி. உள்ளே வைத்திருந்த கோழித்தீவன மூட்டை ஒன்றுகூட முழுதாக இல்லை.

கான்கிரீட்டை உடைத்து எடுத்தோம். இப்போது அவர் மறுபடி ஓர் எட்டு தாண்டித்தான் உள்ளே போகிறார்.