அனிமேஷன்: அசைவூட்டமா, உயிரூட்டமா?

2018 டிசம்பரில் 'ஸ்பைடர்-மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்' என்ற அனிமேஷன் படத்தைப் பார்க்கக் கிளம்பியபோது, "பொம்மைப் படத்துக்கா போறே?" என்று வீட்டில் கேட்டார்கள். நம் வீடுகளில் அனிமேஷனுக்கு முதலில் வாயில் வரும் பெயர் அதுதான். விட்டால் கார்ட்டூன். படம் முடிந்து வெளியே வந்தபோது, நான் பார்த்ததைச் சொல்ல இந்த இரண்டு பெயரும் போதவில்லை. அன்றிலிருந்து அனிமேஷன் என்ற சொல் என்னை விடவே இல்லை.

அனிமேஷனின் வேர் லத்தீன். 'அனிமா' என்றால் மூச்சு, உயிர். அதிலிருந்து வந்த வினைச்சொல்லுக்கு உயிர் கொடுத்தல் என்று பொருள். ஆங்கிலத்தில் விலங்கைச் சொல்லும் 'அனிமல்' என்ற சொல்லும் இந்த வேர்தான். மூச்சு விடுகிற எதுவும் அனிமல். இன்னும் பின்னால் போனால் நமக்குத் தெரிந்த ஒரு சொல் எதிரே வந்து நிற்கிறது. மூச்சு விடுதலைக் குறிக்கும் 'அன்' என்ற வடமொழி வேரில் பிறந்ததுதான் பிராணன். அனிமாவும் பிராணனும் ஒரே மூலத்திலிருந்து கிளை பிரிந்தவை. "பிராணனை வாங்காதே" என்று பாட்டி அதட்டும்போது வருகிற சொல், அனிமேஷனுக்குத் தூரத்துச் சொந்தம்!

ஆங்கிலத்திலும் சினிமா பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே அனிமேஷன் என்ற சொல் உண்டு. உயிர்ப்பு, துடிப்பு என்ற பொருளில் புழங்கியது. வரைந்த படத்தை நகர வைக்கும் கலைக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான்.

தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் எழுத்தில் புழங்குகின்றன: இயங்குபடம், அசைவூட்டம். இயங்குபடம் எளிமையான சொல்தான். ஆனால் நடிகர்கள் நடித்த படமும் இயங்குகிற படம்தானே? அசைவூட்டம் அதைவிட நல்ல ஆக்கம். அதில் எனக்குப் பிடித்தது அந்த 'ஊட்டு'. சோறூட்டு, பாலூட்டு, நினைவூட்டு, வண்ணமூட்டு என்று பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிற செயல்களுக்கெல்லாம் நாம் அந்தச் சொல்லைத்தான் வைக்கிறோம். ஒவ்வொரு பிரேமாக, அதாவது ஒவ்வொரு அசையாப் படமாக, உட்கார்ந்து செய்கிற வேலைக்கு அது அப்படியே பொருந்துகிறது. என் குறை முன்பாதியில்தான். அசைவைத்தானா ஊட்டுகிறார்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் ஸ்பைடர்-வெர்ஸில் இருக்கிறது. ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் 1962இல் படைத்த ஸ்பைடர்-மேனுக்குத் திரையில் குறைவே இல்லை. 2002இல் டோபி மக்வயர், 2012இல் ஆண்ட்ரூ கார்ஃபீல்ட், 2017இல் டாம் ஹாலண்ட் என்று 15 ஆண்டுகளுக்குள் மூன்று பேர் தனிப்படத்தில் அந்த உடையைப் போட்டுவிட்டார்கள். இப்படித் திரும்பத் திரும்பத் தொடங்குவதற்கு 'ரீபூட்' என்று பெயர். கணினியிலிருந்து வந்த சொல். மறுதொடக்கம் என்றால் போதும், அதில் சிக்கல் ஒன்றும் இல்லை. அனிமேஷனில் வந்த படம் செய்ததை மறுதொடக்கம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2011இல் காமிக்ஸில் பிறந்த மைல்ஸ் மொராலிஸ் என்ற புரூக்ளின் பையனைக் கதாநாயகனாக்கியது அதில் ஒரு பாதி. மறுபாதி, அவனை நகர்த்திய விதம்.

சினிமாவில் ஒரு நொடிக்கு 24 பிரேம். வழக்கமான கணினி அனிமேஷனில் பிரேமுக்குப் பிரேம் உடம்பின் நிலை மாறும். அசைவு வழுக்கிக்கொண்டு போகும். இந்தப் படத்தில் பல இடங்களில் ஒரே நிலையை இரண்டு பிரேமுக்கு நிறுத்திவைத்தார்கள். அதாவது நொடிக்கு 12 நிலைதான். காட்டுக்குள் மைல்ஸும் மூத்த ஸ்பைடர்-மேனான பீட்டரும் வலை வீசித் தப்பிக்கும் காட்சியைக் கவனித்துப் பாருங்கள். அனுபவசாலியான பீட்டர் 24இல் பறக்கிறார். வலை வீசவே அப்போதுதான் கற்றுக்கொள்ளும் மைல்ஸ் 12இல் தட்டுத்தடுமாறிப் போகிறான். ஒரே சட்டகத்துக்குள் இரண்டு கணக்கு! பையனுக்குப் பயம் என்று யாரும் வசனம் பேசவேண்டியதில்லை. அவன் உடம்பே சொல்லிவிடுகிறது.

அப்புறம் அந்த உயரமான கட்டடக் காட்சி. குதிக்க வேண்டும். ஆனால் விரல்கள் கண்ணாடியை விடவில்லை. கடைசியில் விரலில் ஒட்டிய கண்ணாடி நொறுங்க, விழுகிறான். அப்போது படம் தலைகீழாகத் திரும்புகிறது. கீழே விழுகிறவன் நம் கண்ணுக்கு மேலே எழுகிறான். எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கிற இடம் அது.

வேகமாக அசையும்போது வரும் மங்கலையும் எடுத்துவிட்டு, பழைய காமிக்ஸ் அச்சில் தெரியும் வண்ணப் புள்ளிகளையும் நிறம் சற்று விலகிப் பதிவதையும் கொண்டுவந்தார்கள். அசைவில் பாதியைக் குறைத்தார்கள். உயிரோ கூடிவிட்டது. அப்படியானால் இந்தக் கலைஞர்கள் ஊட்டுவது அசைவை இல்லை. அசைவு அவர்கள் கையிலுள்ள கருவி மட்டும்தான்.

தமிழுக்கு இது புதிய செய்தியே இல்லை. நம் எழுத்துகளையே உயிர் என்றும் மெய் என்றும்தான் பிரித்து வைத்திருக்கிறோம். மெய் தானாக இயங்காது, உயிர் வந்து சேர்ந்தால்தான் இயங்கும் என்பது ஒன்றாம் வகுப்புப் பாடம். வரைந்த உருவம் மெய் என்றால், அதை இயக்க வந்து சேர்வதன் பெயர் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது.

அதனால் உயிரூட்டம் என்பதே சரியான சொல் என்று நினைக்கிறேன். லத்தீன் வேருக்கும் நேர்ப்பொருள் அதுதான். ஒரு தடை உண்டு. நல்ல நடிகரைப் பற்றியும் "பாத்திரத்துக்கு உயிரூட்டினார்" என்று எழுதுகிறோம், குழப்பம் வரலாம். எனவே படவகையைச் சொல்ல அசைவூட்டப் படம் இருக்கட்டும். கலையைச் சொல்லும்போது உயிரூட்டம், அதைச் செய்பவரை உயிரூட்டுநர் என்று சொல்லிப் பழகலாம். பொம்மைப் படம் என்ற பெயரையும் தூக்கிப்போட வேண்டாம். நிஜப் பொம்மைகளைக் கையால் சிறிது சிறிதாக நகர்த்தி எடுக்கும் படங்களுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை.

2023இல் தமிழ் உட்பட 10 மொழிகளில் இந்தியாவில் வெளியான அடுத்த பாகம், 'அக்ராஸ் தி ஸ்பைடர்-வெர்ஸ்', இன்னும் ஒரு படி மேலே போனது. அதில் க்வென் என்ற ஸ்பைடர் நாயகி தன் அப்பாவோடு பேசும்போது, பின்னால் இருக்கும் சுவர் நீர்வண்ணம்போல் வழிகிறது. இருவர் மனமும் மாற மாற நிறமும் மாறுகிறது. அந்தச் சுவருக்குக் கை இல்லை, கால் இல்லை, முகம் இல்லை. ஆனாலும் அந்த அறையில் மூன்றாவது ஆளாக அதுவும் மூச்சு விடுகிறது.