பச்சை விளக்கு சொன்ன பொய்: சோதனைகளில் ஃபிக்ஸ்ச்சரைப் பகிரும்போது

பல மாதங்களாக ஒரு மென்பொருள் சோதனை எங்களிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. நிர்வாகத் திரையில் முடக்கப்பட்ட வாடிக்கையாளரால் புதிய ஆர்டர் போட முடியாது என்பதை உறுதிசெய்ய எழுதப்பட்ட சோதனை அது. ஓட்டிய போதெல்லாம் பச்சை, அதாவது தேறியது. ஒருநாள் சோதனைகள் ஓடும் வரிசையைக் கலைத்துப் பார்க்கலாம் என்று, பைத்தான் மொழியின் சோதனைக் கருவியான பைடெஸ்டுக்கு பைடெஸ்ட்-ராண்டம்லி செருகியை நிறுவினோம். அன்றே அது சிவந்தது. வரிசையைக் கலைத்ததால் சோதனை கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தோம். உண்மையில் கெட்டிருந்தது மென்பொருள். நிர்வாகத் திரையில் முடக்கினால் அந்த மாற்றம் தரவுத்தளத்தில் சேமிக்கப்படவே இல்லை. அதே கோப்பில் முன்னால் இருந்த வேறொரு சோதனை, தானியங்கி விதி வழியாக அதே வாடிக்கையாளரை முடக்கிவைத்திருந்தது. அந்த எச்சத்தின் மேல் ஏறி நின்றுகொண்டு நம் சோதனை தேறிக்கொண்டிருந்தது.

இரண்டும் பகிர்ந்துகொண்டது ஒரே ஃபிக்ஸ்ச்சரை. சோதனை தொடங்குமுன் அதற்கு வேண்டிய களத்தை ஆயத்தம் செய்து, முடிந்தபின் துப்புரவு செய்யும் நிரல்துண்டைத்தான் ஃபிக்ஸ்ச்சர் என்கிறோம். தரவுத்தள இணைப்பு, தற்காலிகக் கோப்புறை, மாதிரிப் பயனர், போலிச் சேவையகம் என எதுவாகவும் அது இருக்கலாம். பைடெஸ்டில் அதற்கு ஆயுளும் குறிக்கலாம்: ஒரு சோதனை, ஒரு கிளாஸ் (ஒன்றாகக் கட்டிய சோதனைகள்), ஒரு மாட்யூல் (ஒரு கோப்பு), ஒரு பேக்கேஜ் (ஒரு கோப்புறை), அல்லது மொத்த செஷன் (ஒரு முழு ஓட்டம்). எதுவும் குறிக்காவிட்டால் ஒரு சோதனைக்கு மட்டுமே வாழும். எங்கள் வாடிக்கையாளருக்கு யாரோ ‘மாட்யூல்’ என்று எழுதியிருந்தார்கள். வேகத்துக்காகத்தான், கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. வாடிக்கையாளர் ஒருவரை உருவாக்க ஆகும் நேரம் சில மில்லிநொடிகள் என்பதை மட்டும் அளந்து பார்க்கவில்லை.

பகிர்ந்த ஃபிக்ஸ்ச்சரால் சோதனைகள் காரணமின்றித் தோற்கும் என்று எல்லோரும் எச்சரிக்கிறார்கள். தோற்றால் பரவாயில்லை, யாராவது போய்ப் பார்ப்பார்கள். காரணமின்றித் தேறும் சோதனையைத் தேடி யாரும் போவதில்லை.

அதற்காகப் பகிரவே கூடாது என்று சொல்லவில்லை. தரவுத்தளச் சேவையகத்தைக் கன்டெய்னரில் (தனித்து ஓடும் பெட்டகத்தில்) எழுப்பப் பல நொடிகள் ஆகும். ஒவ்வொரு சோதனைக்கும் அதைச் செய்தால் சோதனைத் தொகுப்பு ஓடி முடியாது. அப்படி விலை கூடிய, சோதனைகள் மாற்றாத பொருளை செஷன் முழுவதும் வைத்திருக்கலாம். அதன் மேல் நிற்கும் பரிவர்த்தனையை, அதாவது தரவுத்தளத்தில் ஒரு தொகுதியாகச் செய்யும் மாற்றங்களை, ஒவ்வொரு சோதனையின் முடிவிலும் திரும்பப்பெற வேண்டும். பயனர், ஆர்டர், வாங்கும் கூடை போன்ற சோதனையின் கைபடும் பொருள்கள் அந்தச் சோதனையோடு பிறந்து அதனோடு மறைய வேண்டும். எதையாவது பொதுவாக வைக்க ஆசையாக இருந்தால், பொருளை உருவாக்கும் வழியைப் பொதுவாக வையுங்கள்.

பரிவர்த்தனையைத் திரும்பப்பெற்றால் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும் என்று நம்புவதிலும் ஒரு வழுக்கல் உண்டு. பைத்தானில் வலைத்தளங்கள் கட்ட உதவும் ஜாங்கோ கட்டமைப்பில், 2015இல் வந்த 1.8 பதிப்பு, ஒரு கிளாஸின் சோதனைகள் அனைத்துக்கும் பொதுவான தரவை ஒரே முறை உருவாக்கும் வசதியைத் தந்தது. தரவுத்தளம் ஒவ்வொரு சோதனைக்குப் பின்னும் மீண்டது. ஆனால் நினைவகத்தில் இருந்த பைத்தான் பொருள் மீளவில்லை. ஒரு சோதனை பயனரின் பெயரை மாற்றினால் அடுத்த சோதனை மாறிய பெயரையே பார்த்தது. ஒவ்வொரு சோதனைக்கும் அந்தப் பொருள்களின் தனி நகல் கிடைக்கும்படி 2021இல் ஜாங்கோ 3.2தான் சரிசெய்தது. ஒரு பெரிய கட்டமைப்பே இதற்கு ஆறு ஆண்டுகள் எடுத்துக்கொண்டது என்றால், நாம் கைப்பட எழுதும் ஃபிக்ஸ்ச்சர்களில் இது எத்தனை இடத்தில் ஒளிந்திருக்கும்?

இனி ஒன்றோடொன்று சேர்ப்பது. ஜாவா மொழியின் சோதனைக் கருவியான ஜேயூனிட்டின் பழைய பாணியில் ஒரு தாய் கிளாஸில் ஆயத்தங்களைக் குவித்து மற்றவை அதிலிருந்து பிறக்கும். ஜாவாவில் ஒரு கிளாஸுக்கு ஒரு தாய்தான். தரவுத்தளம் வேண்டியவையும் அஞ்சல் சேவை வேண்டியவையும் இரண்டும் வேண்டியவையும் ஒரே தாயிடம் வந்து சேர்ந்து, தேவையில்லாத சுமையை எல்லாச் சோதனைகளும் தூக்கும். பைடெஸ்டில் ஒரு ஃபிக்ஸ்ச்சர் இன்னொன்றைப் பெயர் சொல்லிக் கேட்கலாம். ‘ஆர்டர்’ ‘வாடிக்கையாளரை’க் கேட்கும், ‘வாடிக்கையாளர்’ ‘தரவுத்தளத்தை’க் கேட்கும். வேண்டியது மட்டும் வந்து சேரும்.

இதில் ஒரு நுணுக்கத்தைப் புதியவர்கள் தவறவிடுகிறார்கள். ‘ஆர்டரும்’ ‘புகாரும்’ தனித்தனியே ‘வாடிக்கையாளரை’க் கேட்டால், ஒரே சோதனைக்குள் இருவருக்கும் கிடைப்பது ஒரே வாடிக்கையாளர்தான். பெரும்பாலும் அதுவே நமக்கு வேண்டும். ஆனால் ஒருவரின் ஆர்டரை இன்னொருவர் பார்க்க முடியாது என்று சோதிக்கிறீர்கள் என்றால் இருவர் வேண்டும். அங்கே ஃபிக்ஸ்ச்சர் பொருளைத் தராமல் பொருளை உருவாக்கும் செயற்கூற்றைத் தரட்டும். சோதனை அதை இரண்டு முறை அழைத்துக்கொள்ளும். நீண்ட ஆயுள் கொண்டது குறுகிய ஆயுள் கொண்டதைக் கேட்டால் பைடெஸ்ட் பிழை காட்டி நிறுத்திவிடும். அப்போது குறுகியதன் ஆயுளை நீட்டி வாயடைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், நானும் செய்திருக்கிறேன். எங்கள் வாடிக்கையாளர் மாட்யூலுக்கு உயர்ந்ததும் இப்படித்தான் இருக்கும் என்று சந்தேகிக்கிறேன்.

துப்புரவு எதிர் வரிசையில் நடக்கும்: கடைசியாக எழுந்தது முதலில் கலையும். ஆனால் ஆயத்தத்தையும் துப்புரவையும் பிரிக்கும் ‘யீல்ட்’ வரிக்கு முன்பே ஃபிக்ஸ்ச்சர் தடுக்கி விழுந்தால் அதற்குப் பின்னுள்ள துப்புரவு ஓடாது. ஒரே ஃபிக்ஸ்ச்சரில் பயனரை உருவாக்கி, கோப்பைப் பதிவேற்றி, செய்தி வரிசைக்கு ஒரு செய்தியும் அனுப்பினால், மூன்றாவது தோற்கும்போது முதல் இரண்டும் அனாதையாகக் கிடக்கும். மூன்றையும் தனித்தனி ஃபிக்ஸ்ச்சராகப் பிரித்தால் ஏற்கெனவே எழுந்தவை ஒழுங்காகக் கலையும். பைத்தானோடு வரும் சோதனை நூலகமான யூனிட்டெஸ்டிலும் இதே கதைதான்: ஆயத்தம் தோற்றால் துப்புரவுச் செயற்கூறு அழைக்கப்படாது, தனியாகப் பதிவுசெய்த துப்புரவுகள் மட்டும் ஓடும்.

அளவுரு ஏற்றிய, அதாவது பல மதிப்புகளோடு மாறி மாறி ஓடும் ஃபிக்ஸ்ச்சர்களைச் சேர்க்கும்போது எண்ணிக்கை கூட்டலாக வளராது, பெருக்கலாக வளரும். மூன்று தரவுத்தளம், நான்கு பயனர் வகை, இரண்டு மொழி என்றால் ஒரு சோதனை 24 முறை ஓடும். நூறு சோதனைகள் 2,400. அந்த 24இல் எத்தனை உண்மையிலேயே வேறு வழு பிடிக்கும் என்று கேட்டுப் பாருங்கள். எக்ஸ்டிஸ்ட் என்ற பைடெஸ்ட் செருகி கொண்டு பல செயல்முறைகளில் பிரித்து ஓட்டுபவர்களுக்கு இன்னொன்று: செஷன் ஃபிக்ஸ்ச்சர் ஒவ்வொரு செயல்முறையிலும் தனியாக ஓடும். தரவுத்தளப் பெயரை நிலையாக எழுதியிருந்தால் எட்டுச் செயல்முறைகளும் ஒரே பெயருக்கு அடித்துக்கொள்ளும்.

தானாகவே எல்லாச் சோதனைக்கும் ஒட்டிக்கொள்ளும் ஃபிக்ஸ்ச்சர்களை நான் வெறுக்கிறேன். வெளி வலையமைப்பை அடைத்துவைப்பது போன்ற காவல் வேலைக்கு மட்டும் அனுமதிப்பேன். தரவை அப்படி நுழைத்தால், சோதனையைப் படிப்பவருக்கு அந்த ஐந்து ஆர்டர்கள் எங்கிருந்து வந்தன என்றே தெரியாது. எது எப்போது எழுகிறது என்று காட்ட பைடெஸ்டில் ‘செட்டப்-ஷோ’ விருப்பம் இருக்கிறது. புதிதாகச் சேரும் தொகுப்புகளில் நான் முதலில் ஓட்டுவது அதைத்தான்.

அந்த வாடிக்கையாளரை மாட்யூலிலிருந்து ஒற்றைச் சோதனைக்கு இறக்கியபோது மேலும் ஏழு சோதனைகள் சிவந்தன. ஆறு, முன்னவர் விட்டுப்போன எச்சத்தை நம்பியிருந்தவை. ஒரு பிற்பகலில் சரிசெய்தோம். ஏழாவது இன்னொரு உண்மையான வழு. மொத்தத் தொகுப்பின் நேரம் நான்கு நொடி கூடியது.