வஞ்சிரம் என்ன விலை? உறவும் சார்பும்

சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு விடியற்காலையில் போய் "வஞ்சரம் இன்னா வெலக்கா?" என்று கேட்டால் நேராக ஒரு தொகை வராது. "எத்த கேக்குற? சின்னதா, பெர்சா?" என்று கேள்விதான் திரும்பி வரும். பத்தாம் வகுப்புக் கணக்கில் 'உறவுகளும் சார்புகளும்' என்றொரு பாடம் உண்டு. பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்தும் அந்தப் பாடத்தின் சாரம் மீன் விற்கும் அந்த அக்கா கேட்கும் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

வஞ்சிரம், சங்கரா, நெத்திலி என்று மூன்று மீன்கள் ஒரு கணம் (அதாவது, ஒரு தொகுப்பு). 200, 400, 900 என்று மூன்று விலைகள் இன்னொரு கணம் (விலையெல்லாம் கணக்குக்காகச் சொல்வது, சண்டைக்கு வராதீர்கள்). ஒவ்வொரு மீனையும் ஒவ்வொரு விலையோடும் ஜோடி சேர்த்தால் மொத்தம் 9 ஜோடிகள். கார்ட்டீசியன் பெருக்கல் என்பது இதுதான். இந்த 9-லிருந்து உங்களுக்குப் பிடித்த ஜோடிகளை எடுத்துக்கொள்ளுங்கள்; எதை எடுத்தாலும் அது ஓர் உறவு. அதில் அர்த்தம் இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. ஒவ்வொரு ஜோடியையும் எடுக்கலாம் அல்லது விடலாம் என்பதால், 2-ஐ ஒன்பது முறை பெருக்கினால் 512 உறவுகள். ஒன்றையுமே எடுக்காமல் விட்ட வெற்று உறவும் இதில் சேர்த்தி.

சார்பு அப்படித் தாராளம் கிடையாது. இடது பக்கம் இருக்கும் ஒவ்வொரு மீனுக்கும் ஒரு விலை இருந்தாக வேண்டும். ஒன்றுதான் இருக்க வேண்டும். வஞ்சிரத்துக்கு 400-ம் 900-ம் இரண்டும் வந்தால் அது சார்பு இல்லை. நெத்திலிக்கு விலையே இல்லாமல் விட்டாலும் சார்பு இல்லை. ஒவ்வொரு மீனுக்கும் மூன்று விலைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்பதால் 3 × 3 × 3 = 27. ஆக 512 உறவுகளில் சார்பு என்று தேறுவது வெறும் 27.

பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் அடுத்த இடத்தில்தான். சங்கராவும் நெத்திலியும் இரண்டும் 200 என்றால்? தாராளமாக இருக்கட்டும். அம்புக்குறிப் படத்தில் இரண்டு அம்புகள் ஒரே இடத்தில் போய்க் குத்தலாம். ஒரே இடத்திலிருந்து இரண்டு அம்புகள் கிளம்பத்தான் கூடாது. இந்த ஓரவஞ்சனை எதற்கு? நாம் படிக்கும் திசை இடமிருந்து வலம். மீனின் பெயரைச் சொன்னால், மறுகேள்வி இல்லாமல் விலை வர வேண்டும். இரண்டு மீன்களுக்கு ஒரே விலை இருப்பதால் அதற்கு ஒரு இடைஞ்சலும் வராது. ஒரு மீனுக்கு இரண்டு விலை இருந்தால்தான் "எத்த கேக்குற?" வந்துவிடும்.

சரி, வஞ்சிரத்துக்கு நிஜமாகவே பல விலைகள் இருக்கின்றனவே, என்ன செய்வது? அக்கா செய்வதைத்தான் கணிதமும் செய்கிறது: மதிப்பகத்தை, அதாவது அம்புகள் கிளம்பும் இடது பக்கக் கணத்தை, மாற்றுகிறது. மீனின் பெயரை மட்டும் கேட்காமல் (மீன், அளவு) என்று ஜோடியாகக் கேட்கலாம். ஏலத்தில் மூன்று மணிக்கு ஒரு விலை, ஆறு மணிக்கு வேறு விலை போகிறதா? நேரத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, விலை ஏறும். தேதியையும் சேர்க்க வேண்டியதுதான். வெறும் உறவாகக் கிடந்தது, தேவையான விவரங்களைச் சேர்க்கச் சேர்க்க, சார்பாகிவிடும். தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்றாலும் இதே கதைதான். அழுத்தம் எவ்வளவு என்று சொல்லாமல் ஒற்றைப் பதில் கிடையாது. குக்கருக்குள் 100 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும்.

சென்னை விம்கோ நகரிலிருந்து மெட்ரோ ஏறுபவர்களுக்கு இன்னொரு நல்ல சார்பு தினமும் கையில் இருக்கிறது. 2021 பிப்ரவரியில் குறைத்த கட்டணப்படி, தள்ளுபடியை விட்டுவிட்டுப் பார்த்தால், 2 கி.மீ. வரை 10 ரூபாய், 5 வரை 20, 12 வரை 30, 21 வரை 40, அதற்கு மேல் 50. தூரத்தைக் கிடை அச்சிலும் கட்டணத்தை நிலை அச்சிலும் வைத்து வரைந்தால் படிக்கட்டு வரும். எந்த இடத்தில் குத்துக்கோடு போட்டாலும் அது ஒரு படியை மட்டும்தான் தொடும். குத்துக்கோட்டுச் சோதனையில் பாஸ். சரியாக 2 கி.மீ.யில் என்ன ஆகும்? அங்கே கீழ்ப்படியின் முனையில் நிரப்பிய புள்ளி, மேல்படியின் முனையில் வெற்றுப் புள்ளி. இந்தச் சின்னப் புள்ளியைப் பலர் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் 2 கி.மீ.க்கு இரண்டு கட்டணம் ஆகிவிடும். மாறாக, x² + y² = 25 என்ற வட்டத்தை எடுத்தால் x = 3 என்ற இடத்தில் 4, -4 என்று இரண்டு y கிடைக்கும். அது உறவு, சார்பு இல்லை.

கட்டணச் சார்பின் வீச்சகத்தில், அதாவது அது தரும் மதிப்புகளில், ஐந்தே எண்கள்தான். அதனால் திரும்பி வர வழியில்லை: 30 ரூபாய் டிக்கெட்டைக் காட்டினால், வந்தவர் தண்டையார்பேட்டையில் ஏறினாரா திருவொற்றியூரில் ஏறினாரா என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. திரும்பி வர வேண்டுமானால் சார்பு ஒன்றுக்கொன்றானதாகவும் (இரண்டு அம்புகள் ஒரே இடத்தில் குத்தாமல்) மேல் சார்பாகவும் (வலது பக்கம் எதுவும் விடுபடாமல்) இருக்க வேண்டும். அதாவது வலது பக்கம் ஒவ்வொன்றையும் ஒரே ஒரு அம்பு தொட வேண்டும். நம் 27 மீன் சார்புகளில் அப்படிப்பட்டவை 6.

சார்பு என்றாலே f(x) = 2x + 1 மாதிரி ஒரு சூத்திரம் என்று நினைப்பவர்களைக் குறை சொல்ல முடியாது. 1748-ல் கணித மேதை ஆய்லரே ஏறக்குறைய அப்படித்தான் எழுதினார். 1837-ல் ஜெர்மன் கணிதவியலாளர் டிரிக்ளே வந்து, ஒவ்வொரு x-க்கும் ஒரு y என்றிருந்தால் போதும், அதற்குச் சூத்திரம் தேவையில்லை என்று வழியை அகலமாகத் திறந்துவிட்டார்.

அப்படிப்பட்ட ஒன்றுக்கு நம்ம ஊர் சம்பந்தமும் உண்டு. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்குக் கணக்கு எழுதிய ராமானுஜன், பின்னாளில் இங்கிலாந்தில் கணிதவியலாளர் ஹார்டியோடு சேர்ந்து ஆராய்ந்த p(n) என்ற சார்பு அது. ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூட்டலாகப் பிரிக்கலாம் என்பதே p(n). 4-ஐ 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என்று ஐந்து விதமாகப் பிரிக்கலாம், ஆகவே p(4) = 5. விதி ஒரே வரி. ஆனால் p(100) கேட்டால் 19,05,69,292, p(200) 39,72,99,90,29,388. 1918-ல் இருவரும் வெளியிட்ட ஆய்வு, இந்த மதிப்புகளை மிக நெருக்கமாகக் கணிக்க வழி காட்டியது.

1, 2, 3, 4, 5, 6, 7 என்ற எண்களுக்கு p தரும் மதிப்புகள் 1, 2, 3, 5, 7, 11, 15. பகா எண்கள் மாதிரி ஆசை காட்டிவிட்டு 15-ல் கவிழ்த்துவிடுகிறது. மதிப்பு ஏறிக்கொண்டே போவதால் எந்த இரண்டு இயல் எண்களுக்கும் ஒரே நிழல் உரு (அம்பு போய்க் குத்தும் மதிப்பு) வராது. ஆனால் 4-க்கும் 6-க்கும் முன் உரு (அம்பு கிளம்பி வரும் எண்) கிடையாது. எனவே இயல் எண்களிலிருந்து இயல் எண்களுக்குப் போகும் இந்த p, ஒன்றுக்கொன்றான சார்பு, மேல் சார்பு அல்ல. மேல் சார்பு அல்லாததற்குப் பாடப் புத்தகத்தின் பேச்சில் உட்சார்பு என்று பெயர்.