பிரச்சாரம், பரப்புரை, பதியம்

போன ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் வரலாற்றுப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். "ஹிட்லர் ஆட்சியில் பரப்புரைக்கென்றே தனி அமைச்சகம் இருந்தது" என்றேன். முன்வரிசையில் இருந்த பெண் கை தூக்கினாள். "ஏன் சார், அதான் ஜெயிச்சு ஆட்சிக்கு வந்துட்டாங்களே, அப்புறம் எதுக்கு சார் பரப்புரை?"

அவளுக்குத் தெரிந்த பரப்புரை ஒன்றுதான். திறந்த வேனில் நின்று வேட்பாளர் கும்பிட்டபடி வருவது. "இன்று மாலையோடு பரப்புரை ஓய்கிறது" என்று செய்தியில் வாசிப்பது. வாக்குப்பதிவு முடிந்தால் அதுவும் முடிந்துபோகும். வென்றவர்களுக்கு அது தேவையே இல்லை. கேள்வி சரியானது. பிழை என் மொழிபெயர்ப்பில் இருந்தது. 'புரொப்பகாண்டா' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நேர் எதிரே கை போகிற போக்கில் 'பரப்புரை' என்று எழுதிவிடுகிறோம். அந்த இரண்டும் ஒன்றல்ல என்பதை அன்றுதான் உறைக்கும்படி உணர்ந்தேன்.

புரொப்பகாண்டா பிறந்த இடம் ரோம். 1622இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி, உலகெங்கும் மறைபரப்புப் பணியைக் கவனிக்க, பேராயம் எனப்படும் தனித் துறை ஒன்றை அமைத்தார். அதன் லத்தீன் பெயரில் 'தெ புரொப்பகாந்தா ஃபீதே' என்றொரு தொடர் வரும். 'பரப்பப்பட வேண்டிய விசுவாசத்தைப் பற்றிய' என்பது பொருள். ஃபீதே என்றால் விசுவாசம். 'புரொப்பகாந்தா' அதற்கு அடைமொழி மட்டுமே. நம் இலக்கணத்தில் சொன்னால் ஒரு பெயரெச்சம். நீளமான பெயரைச் சுருக்கிக் கூப்பிட்ட நாவுகள் விசுவாசத்தை விட்டுவிட்டு அடைமொழியை மட்டும் பிடித்துக்கொண்டன. 'பரப்பப்பட வேண்டிய' என்பது நின்றது. எதை என்பது உதிர்ந்தது. இந்தச் சொல்லின் பிற்கால வரலாறு முழுவதும் அந்த உதிர்வில் அடங்கியிருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. எதை வேண்டுமானாலும் நிரப்பிக்கொள்ளலாம் என்று ஓர் இடம் காலியாகிவிட்டது.

(அச்சில் ஏற்றி விசுவாசத்தைப் பரப்புவது தமிழுக்கு அதற்கு முன்பே பழக்கம். 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சானது 1578இல். இந்தப் பேராயம் பிறப்பதற்கு 44 ஆண்டுகள் முன்னால். பேராயத்துக்கும் நமக்கும் நேரடித் தொடர்பும் உண்டு. போர்ச்சுகல் மன்னரின் உரிமைக்குக் கீழ் இருந்த மயிலாப்பூர் மறைமாவட்டமும், ரோமின் இந்தப் பேராயத்துக்குக் கீழ் 1832இல் ஏற்பட்ட சென்னை மறையாட்சியும் ஒரே நகரத்தில் அருகருகே நடந்தன. இரண்டும் ஒன்றானது 1952இல்தான்.)

அந்த லத்தீன் சொல்லை இன்னும் கொஞ்சம் தோண்டினால் கோயிலைத் தாண்டித் தோட்டத்துக்குப் போய்விடுகிறோம். 'புரொப்பாகோ' என்று ஒரு பெயர்ச்சொல். திராட்சைக் கொடியை வளைத்து மண்ணில் புதைத்து வேர்விட வைக்கிறார்களே, அந்தக் கிளைக்குப் பெயர். அதன் அடியில் கிடக்கும் வேர்ச்சொல்லுக்குப் பொருள் 'ஊன்று, அழுத்திப் பதி'. ஆக ரோமானிய விவசாயியின் வாயில் இது நாம் 'பதியன் போடுறது' என்று சொல்லும் வேலைதான்.

எங்கள் பின்கொல்லையில் அம்மா மல்லிக்குப் பதியன் போடுவதைச் சிறு வயதில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தரையை ஒட்டிப் போகும் முற்றிய கிளையாகத் தேர்ந்தெடுப்பாள். கணுவுக்குக் கீழே அரிவாள்மணையின் நுனியால் பட்டையை ஒரு விரல் நீளம் சீவுவாள். சிறு குழி பறித்து, கிளையை ஒடியாமல் வளைத்து உள்ளே வைத்து, மண்ணும் மட்கிய சாணமும் போட்டு மூடி, கிளை மேலே எழும்பாதபடி ஓர் ஓட்டுச்சில்லை வைத்து அழுத்துவாள். நுனி மட்டும் வெளியே தலை நீட்டிக்கொண்டிருக்கும். தினமும் கை அள்ளித் தண்ணீர். நான் அவசரப்பட்டு இழுத்துப் பார்க்கப் போனால், "தொடாதடா, இன்னும் தாய்கிட்டதான் பால் குடிக்குது" என்பாள். இரண்டு மூன்று மாதம் கழித்து, வேர் பிடித்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்த ஒரு நாளில் தாய்ச்செடிக்கும் இதற்கும் நடுவே வெட்டிவிடுவாள். அன்று முதல் அது தனிச்செடி. ஆனால் பூவும் மணமும் இலையின் வடிவும் தாய்ச்செடியுடையவை. விதையில் முளைத்த செடி கொஞ்சமாவது மாறும், பதியன் மாறாது. ராமேசுவரம் பக்கம் தங்கச்சிமடத்தில் இருந்து மல்லி நாற்றுகள் ஊர் ஊராகப் போய், போன இடமெல்லாம் அதே மல்லியாகப் பூப்பது இதனால்தான்.

இதை அறிந்தபின் புரொப்பகாண்டா என்ற சொல்லை முன்போல என்னால் வாசிக்க முடியவில்லை. வெளியில் இருந்து ஒரு கருத்தைக் கொண்டுவந்து கொட்டுவதைவிட ஆழமான ஒன்றை அது சொல்கிறது. நம் மனத்தில் சிறிதாகச் சீவி, ஒரு கருத்தை உள்ளே வைத்து, மேலே பாரம் ஏற்றி, தினமும் நீர் ஊற்றி, அது வேர்விட்டதும் வந்த தடத்தை வெட்டிவிடுவது. பிறகு கேட்டால், "இது நானாக யோசித்தது" என்போம். உண்மையாகவே அப்படித்தான் நம்புவோம்.

இனி தமிழ்ப் பக்கம் வருவோம். இங்கே முதலில் புழங்கியது வடமொழிச் சொல். அதைப் பிரசாரம் என்று எழுதுவதா, பிரச்சாரம் என்று எழுதுவதா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. வடமொழியில் இரண்டு தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. 'சர்' என்ற நடத்தல் வினையிலிருந்து வந்த ஒன்று, முன்னே நடந்து செல்வது, புழக்கத்துக்கு வருவது என்று பொருள்படும். அதன் ஒலி நமக்குப் பிரச்சாரம். இன்னொன்று, விரிதல், படர்தல் என்ற பொருளில் வருவது. அதன் ஒலி பிரசாரம். வானொலியையும் தூர்தர்ஷனையும் நடத்தும் பிரசார் பாரதியின் பெயரில் இருப்பது இரண்டாவது சொல். 1918இல் காந்தி சென்னையில் தொடங்கிய இந்தி பிரச்சார சபையின் பெயரில் இருப்பது முதலாவது. கருத்தைப் பரப்பும் பொருளில் எழுதும்போது பிரச்சாரம் என்று வல்லினம் மிகுத்து எழுதுவதே ஒலிக்கும் மூலத்துக்கும் பொருந்தும் என்பது என் முடிவு.

அந்தச் சபையின் பெயரையே பாருங்கள். தன் பெயரில் பிரச்சாரம் என்று வைத்துக்கொள்ள யாரும் கூசவில்லை. கதர்ப் பிரச்சாரம், மதுவிலக்குப் பிரச்சாரம், சுயமரியாதைப் பிரச்சாரம் என்று எதிரெதிர் முகாம்களில் இருந்தவர்களும் அதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டார்கள். நம் மொழியில் அது நல்ல சொல், குறைந்தது நடுநிலைச் சொல். கெட்டதாக்க வேண்டுமானால் முன்னால் 'பொய்' சேர்க்க வேண்டும். பொய்ப் பிரச்சாரம் என்று சொன்னால்தான் குற்றச்சாட்டு ஆகும். ஒரே ஒரு விலக்கு உண்டு: கதையையோ படத்தையோ பேசும்போது "பிரச்சார நெடி அடிக்கிறது" என்றால் அது வசைதான்.

ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் அது நடுநிலைச் சொல்தான். பிரேசிலில் புழங்கும் போர்த்துகீசியத்தில் இன்றும் 'புரொப்பகாந்தா' என்றால் சாதாரண விளம்பரம். சோப்பு விளம்பரத்துக்கும் அதே பெயர். ஆங்கிலத்தில் அதன் நிறம் கறுத்தது முதல் உலகப் போரில். அந்தக் கறுப்பு எப்படி ஏறியது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி போதும். அதுவும் ஒரு சொல்லைப் பற்றியதுதான்.

1917 ஏப்ரலில் பெர்லின் நாளேடு ஒன்றின் போர்ச் செய்தியாளர், போர்முனைக்குப் பின்னால் ஓர் ஆலையைக் கடந்து போனதாக எழுதினார். 'கடாவர்' எனப்படும் உடல்களிலிருந்து கொழுப்பு எடுக்கும் ஆலை. ஜெர்மன் மொழியில் கடாவர் என்பது பெரும்பாலும் செத்த விலங்கின் உடல். போரில் குதிரைகள் ஆயிரக்கணக்கில் செத்துக்கொண்டிருந்த காலம். அதே மாதம் லண்டன் நாளேடுகள் அந்தச் சொல்லை மனிதப் பிணம் என்று பெயர்த்துப் போட்டன. ஜெர்மானியர் தங்கள் சொந்தப் படைவீரர்களின் பிணங்களையே உருக்கிக் கொழுப்பு எடுக்கிறார்கள் என்று உலகம் முழுக்கக் கதை ஓடியது. நம்பியவர்கள் முட்டாள்கள் இல்லை. கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகளாக மனம் சீவப்பட்டிருந்தது, உள்ளே வைத்ததும் பிடித்துக்கொண்டது. 1925 டிசம்பரில் பிரிட்டன் வெளியுறவு அமைச்சர் ஆஸ்டன் சேம்பர்லின், அந்தக் கதைக்கு அடிப்படை இல்லை என்ற ஜெர்மன் தரப்பின் மறுப்பை நாடாளுமன்றத்தில் ஏற்றுக்கொண்டார்.

கதை அதோடு முடிந்திருந்தால் நான் இங்கே சொல்லியிருக்க மாட்டேன். அடுத்த போரில் நாஜிக்கள் யூதர்களை உண்மையாகவே ஆலை வைத்துக் கொன்றபோது, அந்தச் செய்தி லண்டனுக்கு வந்தது. அங்கே அதிகாரிகள் சிலருக்கு உடனே நினைவுக்கு வந்தது பழைய பிண ஆலை. "போன போரிலும் இப்படித்தான் சொன்னார்கள்" என்று ஐயப்பட்டார்கள். பொய்யாக நட்ட ஒரு கருத்து, கால் நூற்றாண்டு கழித்து உண்மை ஊன்ற வேண்டிய இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. எழுதும்போதே மனம் கனக்கிறது.

முதல் உலகப் போருக்குப் பின் அந்தச் சொல்லை வைத்துப் பிழைத்தவர்களே அதைக் கைவிட்டார்கள். அமெரிக்க அரசின் போர்க்காலச் செய்திக் குழுவில் வேலை பார்த்த எட்வர்ட் பெர்னேஸ், சொல் கெட்டுப்போனதால் 'மக்கள் தொடர்பு' என்ற பெயரைப் பிடித்துக்கொண்டதாகப் பின்னாளில் சொன்னார். 1929இல் சிகரெட் நிறுவனம் ஒன்றுக்காக, நியூயார்க்கில் ஈஸ்டர் ஊர்வலத்தில் பெண்களைச் சிகரெட் பற்றவைத்து நடக்கச் செய்து, அதற்கு 'விடுதலைத் தீப்பந்தங்கள்' என்று பெயர் சூட்டியவர் அவர். விடுதலை வேண்டும் என்ற எண்ணம் அந்தப் பெண்களுடையது. அதன் கணுவில் சிகரெட்டைக் கட்டியது அவர் கை. ஜெர்மனியில் மட்டும் 1933 மார்ச்சில் ஹிட்லரின் அமைச்சர் கோயபல்ஸ் அந்தப் பெயரை வெளிப்படையாகவே பலகையில் எழுதி அமைச்சகம் திறந்தார். அதே ஆண்டு 76 மார்க் விலையில் மலிவு வானொலிப் பெட்டிகள் சந்தைக்கு வந்தன. நீர் ஊற்றும் வாளி வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது.

இந்த வரலாற்றைச் சுமக்கும் ஒரு சொல்லுக்குப் 'பரப்புரை' ஈடாகுமா? பரப்புரை அழகான ஆக்கம், அதில் ஐயமில்லை. பரப்பிய, பரப்புகின்ற, பரப்பும் உரை என்று முக்காலத்துக்கும் விரியும் வினைத்தொகை. ஈழத்து ஏடுகளிலும் தமிழகச் செய்திகளிலும் இயல்பாக ஊன்றிவிட்டது. தேர்தலுக்கும் தடுப்பூசிக்கும் நெகிழி ஒழிப்புக்கும் அதைவிடச் சிறந்த சொல் வேண்டாம். ஆனால் அதில் பேச்சு மட்டும் இருக்கிறது. சுவரொட்டியும் அஞ்சல்தலையும் மீமும் பாடப்புத்தகத்தில் விட்டுவிட்ட ஒரு பக்கமும் உரை அல்ல. அதைவிட முக்கியம், பரப்புதல் என்பது பரப்புகிறவர் செய்யும் வேலை. கேட்கிறவர் மனத்தில் என்ன நடக்கிறது என்பதை அது தொடவே இல்லை. 'மூளைச்சலவை' அதைத் தொடுகிறது, ஆனால் அது 1950களின் கொரியப் போர்க் காலத்தில் பரவிய வேறொரு சொல்லின் நேர்பெயர்ப்பு. இருந்ததை அழிப்பதைச் சொல்கிறது, புதிதாக ஊன்றுவதைச் சொல்லவில்லை.

பரப்புவதையும் வாதத்துக்கு அழைப்பதையும் சேர்த்தே செய்த மரபு நமக்கு உண்டு. மணிமேகலையில் இந்திர விழாவை முரசறைந்து அறிவிக்கும்போது, "ஒட்டிய சமயத்து உறுபொருள் வாதிகள் பட்டிமண்டபத்துப் பாங்கறிந்து ஏறுமின்" என்று எல்லாச் சமயத்தாரையும் மேடைக்குக் கூப்பிடுகிறார்கள். அங்கே உரை உண்டு, அந்த உரையை உரைகல்லில் உரைத்துப் பார்க்க எதிரே ஆளும் உண்டு. பரப்புரை என்ற சொல்லை அந்தத் திறந்த மண்டபத்துக்கே விட்டுவைக்கலாம்.

மண்டபமே இல்லாத இடத்துக்கு நான் முன்வைப்பது 'கருத்துப் பதியம்'. புதிதாக இட்டுக்கட்டியது இல்லை. "மனசுல பதிஞ்சுபோச்சு" என்று நாள்தோறும் சொல்கிறோம். "பதியன் போடு" என்றும் சொல்கிறோம். இரண்டும் பதி என்ற ஒரே வினையின் பிள்ளைகள். வேளாண் துறையும் மண்பதியம், விண்பதியம் என்று இதே சொல்லைத்தான் எழுதுகிறது. லத்தீன் உழவனும் தமிழ் உழவனும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே ஒரே வேலைக்கு 'ஊன்றிப் பதித்தல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 'பதியம் இட்டார்கள்', 'பதியமான எண்ணம்', 'பதியமிடும் அமைச்சகம்' என்று வினையாகவும் அடையாகவும் தடையில்லாமல் வளைகிறது.

மறுவாரம் அந்த வகுப்பில் பலகையில் ஒரு மல்லிக்கொடியை வரைந்தேன். வளைந்த கிளை, சீவிய இடம், மேலே ஓட்டுச்சில்லு. பக்கத்தில் 1933 என்று எழுதி, "இவர்கள் ஜெயித்த பிறகுதான் அமைச்சகம் வைத்தே பதியன் போட ஆரம்பித்தார்கள்" என்றேன். அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "வெட்டுறதுக்கு முன்னாடியே தோண்டிப் பாத்துட்டா, சார்?"